அஞ்சு லிட்டர்

காலை ஆறு பத்துக்கு ஆரணி பஸ் முனை திரும்பும்போது அன்பழகன் கையில் கிரீஸ் கன் இருக்கும். நான்கு வருடமாக அப்படித்தான். மழை பெய்தாலும், ஊரில் திருவிழா என்றாலும்.

அந்த மினி டிராக்டரில் கிரீஸ் அடிக்கிற இடங்கள் பதினொன்று. முன் அச்சின் நடுவில் ஒன்று, ஸ்டியரிங் கோல்களில் நான்கு, கிளட்ச் பெடலில் ஒன்று, பிரேக் பெடலில் ஒன்று, பின்னால் லிஃப்ட் கைகளில் நான்கு. பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி, புதுசு மஞ்சளாக எட்டிப் பார்க்கும்வரை அழுத்துவான். சேற்றில் ஓடிய மறுநாள் இன்னும் இரண்டு அழுத்து. அப்புறம் அளவுக் கம்பிகள். இஞ்சின் ஆயிலுக்கு ஒன்று, கியர் ஆயிலுக்கு ஒன்று. உருவி, துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பார்ப்பான். ஒரு தடவை பார்த்து நம்புகிறவன் இல்லை.

வண்டி அவனுடையது இல்லை. சிவப்பிரகாசத்தினுடையது. அவருக்கு ஆறு ஏக்கர், ஒரு கிணறு, இந்த வண்டி. சொந்த நிலம் போக, கூப்பிடுகிறவர்களுக்கும் சேறு ஓட்ட அனுப்புவார். அன்பழகனின் அப்பா சுப்பன் அந்த வீட்டு வாசலில் நின்று 'ஐயா' என்று கூப்பிட்டவர். அன்பழகன் 'அண்ணா' என்றான். சிவப்பிரகாசம் அதைத் திருத்தவில்லை. அவனை 'டா' போட்டுக் கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை.

ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம், புதன்கிழமை, கியர் ஆயில் கம்பியை உருவினான். நுனியில்கூட ஈரம் இல்லை. துடைத்து, விட்டு, உருவினான். இல்லை.

பூஜைக்கு முந்தின வாரம்தான் ஆரணியில் சர்வீஸ் விட்டு எடுத்து வந்தது. இஞ்சின் ஆயில், ஃபில்டர், கியர் ஆயில் எல்லாம் புதுசு. கம்பியின் மேல் கோடுவரை ஆயில் நின்றதை அவன் கண்ணால் பார்த்தான். பூஜைக்கு அப்புறம் நேற்றுதான் வண்டி சேற்றில் இறங்கியது. மாலையில், சேறு கலக்கும் ரொட்டவேட்டரைத் தூக்க, அதே ஆயிலில் வேலை செய்யும் லிஃப்ட் திணறியது உண்மை. சேறு ஒட்டிக் கனம் ஏறியிருக்கும் என்று நினைத்தான்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். ஷெட் தரை சிமெண்ட். ஒரு சொட்டு கறை இல்லை.

சிவப்பிரகாசத்திடம் போய்ச் சொன்னான். அவர் பைக்கில் போய் ஒரு கேன் வாங்கி வந்தார். ஐந்து லிட்டர். வண்டி மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது. "இன்னாடா இது, ஒட்டகம் மாதிரி குடிக்குது" என்றார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வியாழக்கிழமை ஆயில் பாதிக்கு இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை கம்பி மறுபடி காய்ந்து வந்தது.

அன்று எட்டு மணிக்குச் சின்னம்மா கடையில் அன்பழகன் டீ குடித்துக்கொண்டிருந்தான். ரோட்டோரத் தகரக் கொட்டகை. ஒரு பெஞ்சு, ஒரு அடுப்பு, ஒரு வடைச் சட்டி. ஒன்பது பேர் இருந்தார்கள். பிற்பாடு அவன் பல தடவை எண்ணிப் பார்த்தான். ஒன்பது பேர்.

சிவப்பிரகாசம் பைக்கை நிறுத்திவிட்டுக் காலி கேனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"டேய் அன்பு. ரெண்டு நாள்ல அஞ்சு லிட்டரு. எங்கடா போச்சி?"

"தெரியலண்ணா. சீல் போயிருக்கும். ஆரணிக்கு எடுத்துகினு போயி..."

"சீல் போனா சொட்டும் இல்ல? ஷெட்டுல ஒரு சொட்டு காட்டு. இப்பதான் லைட் அடிச்சிப் பாத்துட்டு வரேன்."

"சேத்துல ஓடசொல்ல சொட்டியிருக்கும்ணா. தண்ணில தெரியாது."

"சேத்துல சொட்டும், ஷெட்டுல சொட்டாதா? உன் ஆயிலு எடம் பாத்து சொட்டுதா?"

பெஞ்சில் ஒருவர் சிரித்தார்.

அன்பழகன் டம்ளரைக் கீழே வைத்தான். "நான் எடுத்தன்னு சொல்றீங்களா?"

"நான் எங்க சொன்னேன், நீயே சொல்லிக்கிற. சாவி உங்கிட்ட. கம்பி பாக்கறது நீ. ஆயில் இல்லன்னு வந்து சொல்றதும் நீ. குடிச்சிட்டியா, வித்துட்டியா, அத்த மட்டும் சொல்லு."

சின்னம்மா கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். "தோ பாருங்க, என் வடை சட்டியில ஊத்தல. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என் மேல வராதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவுக்கு அவன்மேல் எந்த விரோதமும் கிடையாது. கடையில் எவன் மாட்டினாலும் அவள் அப்படித்தான் பேசுவாள். அன்பழகன் வாயிலும் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. பழக்கம். பெரியவர்கள் சிரிக்கும்போது கூடச் சிரித்துவிடுகிற பழக்கம். அந்தச் சிரிப்பை நினைத்து அவன் பிறகு தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

சாவியை எடுத்து பெஞ்சில் இரண்டு டம்ளருக்கு நடுவில் வைத்தான்.

"வேற ஆள பாத்துக்கோங்கண்ணா."

"பாக்காம? நாட்டுல டிரைவருக்கா பஞ்சம்?"

அன்றைக்கு அவன் வாங்கிய டீயை முழுதாகக் குடிக்கவில்லை.

சனிக்கிழமைக்குள் பேர் வந்துவிட்டது. அஞ்சு லிட்டர். ஊரில் பேர் வைக்க யாரும் கூட்டம் போடுவதில்லை. ஒருவன் சொல்வான், இன்னொருவன் சிரிப்பான், மூன்றாமவன் அதையே பேராகக் கூப்பிடுவான். உரக்கடையில், "வா அஞ்சு லிட்டரு, இன்னா வேணும்?" பஸ்ஸில், "அஞ்சு லிட்டருக்கு ஒரு டிக்கெட் குடுப்பா." சொன்னவன் அவனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

தெள்ளாரில் அறுப்பு மெஷின் வைத்திருப்பவர் ஒருவர் டிரைவர் வேண்டும் என்று போன மாதம் சொல்லியிருந்தார். அன்பழகன் போன் செய்தான். ஊர்ப் பேரைச் சொன்னதும் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

"அந்த ஆயில் ஆளு நீதானா?"

"நான் எடுக்கலீங்க."

"அதில்லப்பா. எனக்கு எதுக்கு பேஜாரு? வேற எடம் பாரு."

திங்கட்கிழமை அவன் மனைவி நிலா நூறு நாள் வேலையிலிருந்து வந்தாள். மண்வெட்டியைச் சுவரில் சாய்க்கவில்லை, எறிந்தாள்.

"இன்னிக்கு எனக்கும் பேரு வெச்சிட்டாங்க. அஞ்சு லிட்டர் பொண்டாட்டி. பேரு குறிக்கற பொண்ணு, நேத்து வந்தது, அது சிரிக்குது."

அவன் மண்வெட்டியை எடுத்துச் சுவரில் சாய்த்தான்.

"நீ எடுக்கல. எனக்குத் தெரியும். ஊருக்கு யாரு சொல்றது?"

"நான் எத்தினி பேருகிட்ட போயி சொல்ல?"

"சாவிய எதுக்குக் கொடுத்துட்டு வந்த? கொடுத்துட்டு வந்தா எடுத்தவன்னு அர்த்தம். வண்டி உங்கிட்ட இருந்தா வண்டிய காட்டலாம். இப்ப எத்த காட்டுவ? உன் மூஞ்சியவா?"

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததால் அவனுக்கு இன்னும் கோபம் வந்தது. தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனான். போய் நிற்க இடம் இல்லை. முனையில் சின்னம்மா கடை இருந்தது. திரும்பி வந்தான்.

இதற்குள் வண்டி முத்துவேல் கைக்குப் போயிருந்தது. முத்துவேல் சிவப்பிரகாசத்தின் மச்சினர் மகன். களம்பூர் ரைஸ் மில்லில் டிராக்டர் ஓட்டியவன். சேற்றில் ஓட்டியதில்லை.

வியாழக்கிழமை மாலை முத்துவேல் வழியில் அவனைப் பார்த்து பைக்கை நிறுத்தினான்.

"ஏம்பா அன்பு, எனக்கும் ஆயில் போச்சிப்பா. நாலு நாள்ல மொத்தமும் காலி. லிஃப்டு வயல் நடுவுல தூக்கல. கயிறு கட்டி ஆள் வெச்சித் தூக்கினோம்."

அன்பழகன் அவன் முகத்தையே பார்த்தான். "மொதலாளி இன்னா கேட்டாரு?"

"இன்னா கேப்பாரு? வண்டில ஏதோ கோளாறு இருக்கு, நாளைக்கு ஆரணிக்கு எடுத்துகினு போடான்னாரு."

"உன்ன ஒண்ணும் கேக்கல?"

"என்ன எதுக்குக் கேக்கணும்?" என்றான் முத்துவேல். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

அன்பழகனுக்கு ஆயில் போனபோது ஆளைக் கேட்டார். முத்துவேலுக்கு ஆயில் போனபோது வண்டியைக் கேட்டார். அன்று ராத்திரி முழுக்க அன்பழகனுக்கு வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

மறுநாள் ஆறு பத்து பஸ்ஸில் ஏறினான்.

ஆரணி சர்வீஸ் செண்டரில் அவன் போனபோது வண்டி இன்னும் வந்து சேரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றான். எதிர்த் தெருவில் நான்கு பேர் தறிக்குப் போகும் பாவு நூலை விரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். கத்தரிப்பூ நிறப் பட்டு, தெரு நீளத்துக்கு. ஒரு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. பாவுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சுத்திகினு போ" என்றார். ஆட்டோ சுற்றிக்கொண்டு போனது. அன்பழகன் அந்த ஆளைப் பொறாமையோடு பார்த்தான்.

பத்தரைக்கு முத்துவேல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னாலேயே பைக்கில் சிவப்பிரகாசம்.

"நீ எங்கடா இங்க?"

"ஆயில் எங்க போச்சின்னு பாக்க வந்தேன்."

சிவப்பிரகாசம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மெக்கானிக் வந்துவிட்டான். ரஞ்சித்குமார். முப்பது வயசு. அன்பழகனை அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு சர்வீசுக்கும் வண்டி கொண்டு வந்து, பக்கத்தில் நின்று, ஒவ்வொரு போல்ட்டையும் கேள்வி கேட்கிறவன்.

"இன்னா தலைவரே, ஆயில் நிக்கலியாமே?"

"நிக்கல. எங்க போவுதுன்னு தெரியல."

ரஞ்சித்குமார் ஆயில் ஊற்றினான். வண்டியின் பின்பக்கத்தை டீசல் போட்டுத் துடைத்தான். ரொட்டவேட்டரைச் சுற்றுகிற ஷாஃப்ட்டுக்குக் கீழே ஒரு தட்டு வைத்தான். இஞ்சினை ஓடவிட்டு, ஷாஃப்ட்டைச் சுற்றவிட்டான். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. சிவப்பிரகாசம் அன்பழகனைப் பார்த்தார். அன்பழகன் தட்டைப் பார்த்தான்.

அரை மணி நேரத்தில் கியர் பாக்ஸ் கை வைக்க முடியாமல் சுட்டது. அப்போது ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு ஈர வளையம் வந்தது. பிறகு ஒரு சொட்டு. பிறகு கோடாக ஒழுக ஆரம்பித்தது.

"போடு ஆஃபு" என்றான் ரஞ்சித்குமார்.

இஞ்சின் நின்றது. ஒழுக்கும் சிறிது நேரத்தில் நின்றது. தட்டைத் தவிர எங்கேயும் ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா? சூட்டுல தள்ளுது, ஆறினா நிக்குது. ஷெட்டுல எப்பிடிக் கறை தெரியும்? ஆனா சீல் கிழியல. உள்ளேந்து இன்னமோ தள்ளுது."

அவன் சீட்டைத் தூக்கினான். கியர் தண்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினான். நிறுத்தினான்.

"இது இன்னா கட்டி?"

ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினான். காய்ந்த சந்தனம். அதற்கு மேல் குங்குமம், அதற்கு மேல் தூசியும் சேறும். சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. உரிந்து வந்ததும் உள்ளிருந்து 'புஸ்' என்று காற்று வந்தது. உள்ளே கட்டைவிரல் அளவு ஒரு சின்னக் குமிழ், அதன் பக்கத்தில் ஓட்டை.

"அட கடவுளே. யாருங்க இங்க பொட்டு வெச்சது? வண்டிக்கு மூக்க அடச்சிட்டு ஓட விட்டிருக்கீங்க." சிரித்துக்கொண்டே எழுந்தான். தறி வேஸ்ட் நூல் உருண்டை ஒன்றில் கையைத் துடைத்தான். சிவப்பும் பச்சையுமாகப் பட்டு நூல். "கியர் பாக்ஸ் சூடானா உள்ள இருக்கற காத்து பெருக்கும். இந்த ஓட்டை வழியாதான் வெளிய வரணும். இத்த மூடிட்டா காத்து எங்க போவும்? ஆயில தள்ளிகினு சீல் வழியா வரும். புது சீல் போட்டாலும் வரும். நாலு டிரைவர மாத்தினாலும் வரும்."

சிவப்பிரகாசம் உரிந்து விழுந்த சந்தனக் கட்டியைப் பார்த்தார்.

அன்பழகனுக்குப் பூஜை நாள் கண்ணில் வந்தது. காலையிலிருந்து மூன்று மணி நேரம் வண்டியைக் கழுவியவன் அவன். கழுவி முடித்ததும் சிவப்பிரகாசம், "போதும், தள்ளி நில்லு" என்றார். அவன் கேட்டுப் பக்கம் போய் நின்றான். அவர் குளித்துவிட்டு வந்து சந்தனத்தை மூன்று விரலால் எடுத்தார். பானெட்டுக்கு, லைட்டுக்கு, நான்கு சக்கரத்துக்கு, ஸ்டியரிங்குக்கு, ஒவ்வொரு தண்டுக்கும். சீட்டைத் தூக்கி, உள்ளே சின்னத் தலை மாதிரி நிமிர்ந்து நின்ற அந்தக் குமிழுக்கு நிறையவே வைத்தார். கேட்டுப் பக்கம் நின்றபடியே அன்பழகன் பார்த்தான். அது என்ன என்று அவனுக்குத் தெரியாது. சர்வீஸ் புத்தகத்தில் படம் இருக்கிறது. புத்தகம் சிவப்பிரகாசத்தின் பீரோவில் இருக்கிறது.

தெரிந்திருந்தாலும் துடைத்திருக்க மாட்டான். போன வருடம், வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரில் எண் தெரியவில்லை என்று பூஜைப் பொட்டைத் துடைத்தான். "நான் வெச்ச பொட்ட நீ தொடைக்கிறியா? அது தானா உதிரணும்" என்று வீதியில் நிற்க வைத்துக் கத்தினார். இந்த வருடம் அவன் எதையும் தொடவில்லை. கிரீஸ் முனைகளில் பட்ட சந்தனத்தைக்கூடச் சுற்றித்தான் துடைத்தான்.

சிவப்பிரகாசம் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, பிறகு வயிறு குலுங்க.

"சாமிக்கு வெச்ச பொட்டு. யாருடா கண்டா? ம்? பூஜை பண்ணது தப்பா?"

முத்துவேலும் சிரித்தான். ரஞ்சித்குமார் சிரித்தான். இந்தத் தடவை அன்பழகன் சிரிக்கவில்லை.

"சரி வுடு அன்பு. போனது போச்சி. முத்துவேலுக்கு சேத்துல ஓட்ட வரல. வண்டிய நீயே ஓட்டிகினு வா. நாளைக்கு அருணகிரி நெலத்துல ரெண்டு ஏக்கர் சேறு ஓட்டணும், ஜல்தி ஆவணும், மழ வருது." சாவியை நீட்டினார்.

அன்பழகன் சாவியை வாங்கவில்லை.

"ஊர்ல இன்னா சொல்லுவீங்க?"

"இன்னா சொல்றது? வண்டி சரியாயிடுச்சின்னு சொல்லுவேன்."

"ஆயிலு?"

"அத்த யாரு கேக்கப் போறா? நாலு நாள் போனா எல்லாரும் மறந்துடுவாங்க."

"எம் பேரு அஞ்சு லிட்டருண்ணா இப்ப."

"விளையாட்டுக்குச் சொல்றாங்கடா. எனக்குக்கூடத்தான் சின்ன வயசுல மொட்டைன்னு பேரு. நான் கோவிச்சிகினேனா?"

ரஞ்சித்குமார் குமிழைக் கழற்றி டீசலில் கழுவிக்கொண்டிருந்தான். ஊதிப் பார்த்தான். காற்று தாராளமாகப் போனது. திருகி மாட்டினான். மேல் கோடுவரை ஆயில் விட்டான். அன்பழகன் கம்பியை உருவி, துடைத்து, விட்டு, மறுபடி உருவிப் பார்த்தான். சரியாக இருந்தது. கையை நீட்டினான்.

"சாவிய கொடுங்க."

"அதான்! வந்துட்டான் பாரு நம்ம ஆளு" என்றார் சிவப்பிரகாசம். முத்துவேலை பைக்கில் போகச் சொல்லிவிட்டு அவர் டிராக்டரின் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார். "உங்கூடவே வரேன். சும்மா பேசிகினு போலாம்."

தேவிகாபுரம் ரோட்டில் சிவப்பிரகாசம் மட்டும்தான் பேசினார். மழையைப் பற்றி. நெல் விலையைப் பற்றி. முத்துவேலுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றி. தீபாவளிக்கு அன்பழகனுக்கும் நிலாவுக்கும் துணி எடுத்துத் தருவதாகச் சொன்னார். அன்பழகன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். பள்ளம் வந்தபோது மெதுவாகப் போனான். மேட்டில் கியரைக் குறைத்தான். வண்டியின் மேல் அவனுக்கு எந்தக் கோபமும் இல்லை.

பாதி வழியில் சிவப்பிரகாசம் பேச்சை நிறுத்தினார். "இன்னாடா, வாயில கொழுக்கட்டையா?" என்றார். அப்புறம் அதுவும் கேட்கவில்லை. மட்கார்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஊர் முனைக்கு வந்தபோது மணி மூன்றரை. சின்னம்மா இரண்டாவது தடவை பால் காய்ச்சும் நேரம். பெஞ்சு நிறைந்திருந்தது. வயலிலிருந்து வந்தவர்கள் தலையில் கட்டிய துண்டோடு நின்றுகொண்டு டீ குடித்தார்கள்.

அன்பழகன் வண்டியைக் கொட்டகைக்கு நேராக ஒதுக்கினான். கியரை நியூட்ரலில் போட்டான். ஸ்டாப் குமிழை இழுத்தான். இஞ்சின் இரண்டு தடவை குலுங்கி நின்றது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான்.

"இங்க எதுக்குடா நிறுத்தற? ஊட்டுக்கு ஓட்டு" என்றார் சிவப்பிரகாசம், குரலைத் தாழ்த்தி.

சின்னம்மா கரண்டியோடு வெளியே எட்டிப் பார்த்தாள். "அட, அஞ்சு லிட்டரு மறுபடி வண்டி ஏறிட்டாம்பா! இன்னாங்க, சமாதானம் ஆயிடுச்சா? வண்டிக்கு இன்னாதான் கோளாறாம்?"

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் எல்லோரும் மட்கார்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள். சிவப்பிரகாசம் கீழே இறங்கப் பார்த்தார். இறங்குகிற பக்கத்தில் அன்பழகன் நின்றுகொண்டிருந்தான். அவன் நகரவில்லை. இந்த நான்கு வருடத்தில் அவன் அவர் வழியில் நின்றது இல்லை.

"சின்னம்மா கேக்குறாங்க இல்ல? அன்னிக்கு என்ன கேட்டீங்களே, அதே சத்தத்துல சொல்லுங்க. ஆயில் எங்க போச்சி?"